குளிர்காலக் கச்சேரியும் அதன் விருந்தாளிகளும்: முதல்முறை கேட்பவர்களுக்கு

டிசம்பர் பிறந்தால் மேலை நாடுகளின் சின்னச் சின்ன ஊர்களில்கூட ஒரு போஸ்டர் கண்ணில் படும். ஊர் ஆர்கெஸ்ட்ராவின் விடுமுறைக் காலக் கச்சேரி, சிறப்பு விருந்தினர்களுடன். இடம் ஒரு பள்ளி அரங்கமாகவோ தேவாலயமாகவோ இருக்கும். மேலை இசை பழக்கமில்லாதவர்கள்கூட வருடத்தில் ஒருமுறை தைரியமாக டிக்கெட் எடுப்பது இந்தக் கச்சேரிக்குத்தான். உள்ளே போய் உட்கார்ந்தால் மேடையில் அறுபது எழுபது பேர் கறுப்பு உடையில் இருப்பார்கள். இவர்களில் விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார், இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் ஏன் இத்தனை விருந்தாளிகள் என்பது புரிந்துவிட்டால் கச்சேரி கேட்பதே வேறு அனுபவமாகிவிடும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வீட்டுக்காரர்களைப் பார்ப்போம். கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ரா என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காமல் வாசிப்பவர்களின் குழு. பகலில் ஆசிரியர், செவிலியர், கணக்காளர், ஓய்வு பெற்ற பொறியாளர், கல்லூரி மாணவி. வாரத்தில் ஒரு மாலை இரண்டு இரண்டரை மணி நேரம் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். இசையைத் தொழிலாகக் கொண்டவர் அநேகமாக ஒரே ஒருவர்தான்: எதிரே குச்சியுடன் நிற்கும் நடத்துநர். முதல் வயலின் வரிசையின் முன்னால் உட்கார்ந்திருப்பவரும் சில குழுக்களில் தொழில்முறைக் கலைஞராக இருப்பார். செப்டம்பரில் ஒத்திகை தொடங்கினால் டிசம்பர் கச்சேரிக்குள் பத்துப் பன்னிரண்டு மாலைகள் கிடைக்கும். அதிலும் பாதிப் பேருக்கு நடுவில் ஏதாவது ஒரு வாரம் காய்ச்சலோ அலுவலக வேலையோ வந்துவிடும். தொழில்முறை ஆர்கெஸ்ட்ராக்களோ பல நேரம் ஒரே வாரத்தில் சில ஒத்திகைகளோடு மேடை ஏறிவிடும். ஆக இரண்டும் ஒரே இசையை வாசித்தாலும் வாழ்க்கை முற்றிலும் வேறு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆர்கெஸ்ட்ராவில் நான்கு குடும்பங்கள் உண்டு. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகியவை தந்தி வாத்தியங்கள். ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பஸ்ஸூன் ஆகியவை மரக் காற்று வாத்தியங்கள். ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன், ட்யூபா பித்தளை. கடைசி வரிசையில் டிம்பனி முதலான தாள வாத்தியங்கள். தந்திகளில் பத்துப் பேர் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. காற்று வாத்தியங்களில் அப்படியில்லை, ஆளுக்கு ஒரு தனி வரி. இரண்டாம் பஸ்ஸூன் வராத மாலையில் அந்தச் சுரத்தை வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள். கேட்பவருக்கு என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ ஒன்று ஒல்லியாகக் கேட்கும்.

போஸ்டரில் பெயர் வராத விருந்தாளிகள் வருவது இந்த இடத்தில்தான். ஊரில் பத்து ஃப்ளூட் கலைஞர்கள் கிடைப்பார்கள், ஒரு பஸ்ஸூன் கிடைப்பது கஷ்டம். வயோலா எப்போதும் பற்றாக்குறை. டபுள் பாஸ் வைத்திருப்பவரைப் பக்கத்து ஊர்க் குழுக்களும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இந்த ஓட்டைகளை அடைக்கக் கடைசி ஒன்றிரண்டு ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் மட்டும் ஆட்களை வரவழைப்பார்கள். சிலருக்குச் சன்மானம் உண்டு, சிலர் நட்புக்காக வருவார்கள். சுருக்கமாகச் சொன்னால், போஸ்டரில் பெயர் அச்சாகியிருக்கும் தனிக் கலைஞரைவிட, நிகழ்ச்சிக்கு அதிகம் தேவைப்படுபவர் பல நேரம் மூன்றாவது வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இந்த ஆள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்குச் சரியான உதாரணம், குளிர்காலக் கச்சேரிகளில் அடிக்கடி வரும், சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலே நடனத்திலிருந்து எடுத்த இசைத் தொகுப்பு. அதில் ‘பூக்களின் வால்ட்ஸ்’ தொடங்கிய சற்று நேரத்தில், பெரிய யாழ் போன்ற ஹார்ப்பின் நீண்ட தனி வாசிப்பு ஒன்று வருகிறது. ஆர்கெஸ்ட்ரா மொத்தமும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க, ஹார்ப் மட்டும் மேலும் கீழும் அலையடிக்கும். சொந்தமாக ஹார்ப் கலைஞர் உள்ள ஊர் ஆர்கெஸ்ட்ராக்கள் குறைவு. அந்த ஒரு நிமிடத்துக்காக ஒருவர் காரில் ஹார்ப்பை ஏற்றிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்கு வெகு முன்பே மேடைக்கு வந்து, நாற்பத்தேழு தந்திகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருப்பார். கச்சேரிக்குச் சீக்கிரம் போனால் இதைப் பார்க்கலாம்.

அதே தொகுப்பில் சர்க்கரைத் தேவதையின் நடனத்தில் கண்ணாடி மணிகள் உதிர்வது போன்ற ஒரு ஓசை கேட்கும். அது செலஸ்டா. பார்ப்பதற்குச் சின்னப் பியானோ, ஆனால் உள்ளே தந்திக்குப் பதில் உலோகத் தகடுகளைச் சுத்தியல்கள் தட்டும். ஓகுஸ்த் முஸ்தெல் என்பவர் 1886-இல் பாரிஸில் இதை உருவாக்கினார். அங்கே இதைக் கேட்ட சைகோவ்ஸ்கி தன் பதிப்பாளருக்கு எழுதி ஒன்றை வரவழைத்தார், மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்களுக்குத் தெரிந்து தனக்கு முன் பயன்படுத்திவிடப் போகிறார்கள் என்பதால் ரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். 1892-இல் மேடையேறிய ‘நட்கிராக்கர்’ வழியாகத்தான் உலகத்துக்கு அந்த ஓசை பரிச்சயமானது. ஊர் ஆர்கெஸ்ட்ராவுக்குச் செலஸ்டா கிடைக்காவிட்டால் ஒரு மின்சாரக் கீபோர்டில் அதே ஒலியை வைத்து வாசிப்பார்கள். வாசிப்பவர் பெரும்பாலும் விருந்தாளியான ஒரு பியானோக் கலைஞர். கீபோர்டுதானே என்று நினைக்க வேண்டாம். அந்த நடனத்தில் கீழே பாஸ் கிளாரினெட் ஒரு குழைவான பதில் சொல்லும். அதுவும் எல்லோரிடமும் இருக்கும் வாத்தியமல்ல என்பதால் அதற்கும் ஒரு விருந்தாளி வந்திருக்கலாம். ஒருவரையொருவர் அன்றைக்குத்தான் பார்த்த இருவர், மேடையின் இரண்டு ஓரங்களில் இருந்துகொண்டு ஒரு உரையாடலை நடத்துவார்கள்.

பாடகர்களும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வழங்கும் ஹாண்டெலின் ‘மெசையா’வை வாசித்தால் ட்ரம்பெட்காரர்களைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அந்தப் படைப்பில் அவர்களுக்கு வேலை நாலைந்து இடங்களில்தான். மீதி நேரமெல்லாம் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் வரும்போது அத்தனையும் உயரமான, தப்பினால் எல்லோருக்கும் கேட்கும் சுரங்கள். அதனால் இந்த வேலைக்கும் வெளியிலிருந்து ஆள் கூப்பிடுவது உண்டு. இன்னொரு செய்தி: டிசம்பர் என்றாலே இந்தப் படைப்பு என்று ஆகிவிட்டாலும், ஹாண்டெல் 1741-இல் 24 நாட்களில் எழுதிய இது முதன்முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரல் 13 அன்று, டப்ளின் நகரில். ஈஸ்டர் காலத்துப் படைப்பாகப் பிறந்தது பிறகுதான் குளிர்காலத்துக்கு இடம் மாறியது.

சரி, இனி போஸ்டரில் படம் போட்ட விருந்தினருக்கு வருவோம்.

தனி வாசிப்பாளர், அதாவது சோலோயிஸ்ட், ஒரு வயலின் கலைஞராகவோ பியானோக் கலைஞராகவோ பாடகராகவோ இருப்பார். சில குழுக்கள் இளம் கலைஞர்களுக்குப் போட்டி நடத்தி, வெற்றி பெறும் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையை இந்த மேடையில் ஏற்றும். குளிர்காலத்துக்கு விவால்டியின் ‘குளிர்காலம்’ கன்செர்ட்டோ, அதாவது தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, பொருத்தமான தேர்வு. 1725-இல் அச்சான ‘நான்கு பருவங்கள்’ தொகுதியில் கடைசிப் பருவம். மூன்று பகுதிகள், மொத்தம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதியில் குளிரில் பற்கள் கிடுகிடுப்பது வயலினில் கேட்கும். இரண்டாவதில் தனி வயலின் நெருப்போரம் உட்கார்ந்து நிதானமாகப் பாட, மற்ற வயலின்கள் விரலால் தந்தியைச் சுண்டி வெளியே பெய்யும் மழையைக் காட்டும். மூன்றாவது, பனிக்கட்டி மேல் வழுக்காமல் நடக்கப் பார்க்கும் ஒருவர். ஒவ்வொரு கன்செர்ட்டோவுக்கும் ஒரு கவிதை கூடவே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதால் இவை நம் கற்பனை அல்ல.

இந்த விருந்தினர் எப்போது வருவார்? பெரும்பாலும் கடைசி ஒத்திகைக்கு, அதிகபட்சம் அதற்கு முந்தையதற்கும். மூன்று மாதமாகக் குழு இந்தப் படைப்பைச் சோலோ இல்லாமலே பயின்றிருக்கும். நடத்துநர் அந்த வரியை வாயால் பாடிக்காட்டியிருப்பார், அவ்வளவுதான். இப்போது நிஜமான வாசிப்பாளர் வந்து நிற்கிறார். அவர் ஒரு சொற்றொடரின் கடைசியில் கொஞ்சம் நீட்டி நிறுத்துகிறார். பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்த செல்லோக்காரர்கள் அரை அடி முன்னால் போய்விடுகிறார்கள். நடத்துநர் நிறுத்துகிறார். ‘தாளிலிருந்து கண்ணை எடுங்கள், அவருடைய வில்லைப் பாருங்கள்.’ மறுபடி அதே இடம். இந்த முறை எல்லோரும் கொஞ்சம் அதிகமாகத் தயங்குகிறார்கள். மூன்றாவது முறை சேர்கிறது. கர்நாடகக் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே அடுத்த நகர்வைப் பிடிப்பதைப் போல, இங்கே ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். அந்த ஐம்பது பேரும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். மேடையில் அது பிசகாமல் நடக்கும்போது எனக்குச் சோலோயிஸ்டின் வேகத்தைவிடப் பின்னால் இருப்பவர்களின் காதுதான் பெரிதாகத் தெரியும்.

பாடகர் குழு விருந்தாளியாக வந்தால் சிக்கல் வேறு மாதிரி. நூறு பேர் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் படிப்படியாக நிற்பார்கள். வயலினுக்கும் கடைசிப் படிக்கும் இடையே பதினைந்து மீட்டர் இருந்தால் ஒலி அந்தத் தூரத்தைக் கடக்கவே ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் பிடிக்கும். கேட்டுவிட்டுப் பாடினால் தாமதமாகிவிடும், குச்சியைப் பார்த்துத்தான் பாட வேண்டும். ஆனால் தன் ஊர்ப் பியானோவோடு பழகிய குழுவுக்குக் காதை நம்பியே பழக்கம். அதனால்தான் கடைசி ஒத்திகையில் நடத்துநர் பாடகர் குழுவைப் பார்த்து ‘இன்னும் சீக்கிரம், இன்னும் சீக்கிரம்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். குழந்தைகளின் குழு என்றால் பித்தளை வாத்தியங்கள் மூச்சைப் பாதியாகக் குறைத்து வாசிக்க வேண்டும். மெதுவாக வாசிப்பது அவர்களுக்குச் சத்தமாக வாசிப்பதைவிடக் கடினம்.

அப்புறம் சுருதி. கச்சேரி தொடங்கும் முன் ஓபோ ஒரு சுரத்தை நீளமாகப் பிடிக்க, எல்லோரும் அதோடு சேர்ந்துகொள்வார்கள். அந்தச் சுரம் விநாடிக்கு 440 அதிர்வுகள், சில குழுக்களில் ஓரிரண்டு கூடுதல். இது ஒரு சடங்கு போலத் தெரிந்தாலும் குளிர்காலத்தில் உண்மையிலேயே போராட்டம். காற்றில் ஒலியின் வேகம் சுழியம் டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர், இருபது டிகிரியில் 343 மீட்டர். காற்று வாத்தியத்தின் சுருதி இந்த வேகத்தைப் பொறுத்தது. எனவே குளிர்ந்த தேவாலயத்தில் கிளாரினெட்டும் ஹார்னும் சுருதி இறங்கி நிற்கும், வாசிக்க வாசிக்கச் சூடேறி ஏறும். தந்திகள் நேர் எதிர். மேடை விளக்குச் சூட்டில் தந்தி விரிந்து தளர்ந்து சுருதி இறங்கும். ஒரு பாதி ஏற, மறுபாதி இறங்க, இடைவேளைக்குப் பிறகு மறுபடியும் சுருதி சேர்ப்பது அதற்காகத்தான். வெளியே கடுங்குளிரில் இருந்து வந்த ஓபோவை உடனே ஊதவும் கூடாது. உள்ளே சூடான மூச்சு, வெளியே குளிர்ந்த மரம் என்றால் மரம் வெடித்துவிடும். முன்னதாகவே வந்து, வாத்தியத்தைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு நிற்பவர்களைப் பக்க அறையில் பார்க்கலாம்.

விருந்தாளி வாத்தியம் இறங்கி வராத ரகமாக இருந்தால் வீட்டுக்காரர்கள்தான் நகர வேண்டும். தேவாலயத்தின் பைப் ஆர்கனை அந்த மாலை யாரும் சுருதி மாற்ற முடியாது. அன்றைய குளிருக்கு அது எங்கே நிற்கிறதோ அதுதான் சுருதி. அப்போது ஓபோவுக்குப் பதில் ஆர்கன்தான் சுரம் கொடுக்கும். ஸ்காட்லாந்தின் பேக்பைப் இன்னும் பிடிவாதமானது. அதன் அடிப்படைச் சுரம் இன்று வழக்கமாக 470-க்கு மேல் நிற்கிறது, ஆர்கெஸ்ட்ராவின் 440-லிருந்து வெகுதூரம். அதைக் கூப்பிட்டால் மற்றவர்களின் தாளை வேறு சுருதிக்கு மாற்றி எழுத வேண்டும், அல்லது பைப் வாசிப்பவரிடம் தாழ்ந்த சுருதியில் செய்த குழல் இருக்க வேண்டும். கூட்டம் எழுந்து நின்று ஆரவாரிக்கும் அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் பல இரவுகள் தாள் எழுதியிருப்பார்.

எந்த வரிசையில் வாசிப்பது என்பதும் யோசித்துச் செய்வதுதான். விவால்டிக்குத் தந்திகளும், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியமான ஒரு ஹார்ப்சிகார்டும் போதும். அப்படியானால் காற்று, பித்தளை, தாளக்காரர்கள் சும்மா இருக்க வேண்டியிருக்கும். சம்பளமில்லாமல் மூன்று மாதம் வந்தவர்களை நிகழ்ச்சி முழுக்கச் சும்மா உட்கார வைக்கக் கூடாது. ஆகவே அடுத்தது பித்தளைக்கு நல்ல வேலையுள்ள ஒன்றாக இருக்கும். பியானோ வாசிப்பாளர் விருந்தினர் என்றால் அது அநேகமாக இடைவேளைக்கு ஒட்டியே வரும், ஏனென்றால் பியானோவை நடுமேடைக்குத் தள்ளவும் நாற்காலிகளை நகர்த்தவும் நேரம் வேண்டும். தெரிந்த பாடல்களின் ஆர்கெஸ்ட்ரா வடிவங்கள் இரண்டாம் பாதியில். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ண்டோர்ஃபில் ஒரு கிட்டார் துணையோடு பாடப்பட்ட ‘சைலண்ட் நைட்’ இன்று எழுபது பேர் வாசிக்க, அரங்கமே சேர்ந்து பாட ஒலிக்கிறது.

கடைசி உருப்படி பல ஊர்களில் லெராய் ஆண்டர்சனின் ‘ஸ்லே ரைட்’. பனியில் குதிரை வண்டிப் பயணத்தைச் சொல்லும் இதை அவர் 1946-இல் கோடை வெயில் கொளுத்திய நாட்களில் எழுதத் தொடங்கினார். 1948 மே மாதம் பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா முதலில் வாசித்தது. தாளக்காரர்களின் பக்கம் பாருங்கள். ஒருவர் சலங்கைக் கொத்தை விடாமல் குலுக்குவார். ஒருவர் மரக்குடுவைகளைத் தட்டிக் குளம்படி எழுப்புவார். மூன்றாமவர் கையில் கீல் வைத்த இரண்டு பலகைகள் இருக்கும், அவற்றைப் படீரென்று அடித்தால் சவுக்கு. முடிவில் ஒரு ட்ரம்பெட் குதிரையாகக் கனைக்கும். விசையைப் பாதி மட்டும் அழுத்தி வாத்தியத்தை உதறினால் அந்தக் கனைப்பு வரும். இந்த உருப்படியை நடத்தும் வாய்ப்பைத்தான் பலரும் வேறு வகை விருந்தாளிக்குக் கொடுப்பார்கள்: ஊர்த் தலைவர், பள்ளி முதல்வர், அல்லது நிதி திரட்டும் ஏலத்தில் நடத்துநரின் குச்சியை வென்ற ஒரு ரசிகர். இசையே தெரியாதவர் நடத்தினால் எப்படி என்று பயப்பட வேண்டாம். குழுவுக்கு இந்தப் படைப்பு மனப்பாடம், முதல் வயலின் தலைவர் வில்லாலும் தலையசைப்பாலும் எல்லோரையும் கொண்டு போய்விடுவார். குச்சி பிடித்தவர் சிரித்துக்கொண்டே சுழற்றினால் போதும்.

கேட்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பல பகுதிகள் உள்ள படைப்பில் நடுவில் கைதட்டாமல் கடைசியில் தட்டுவது வழக்கம். ஆனால் இந்தக் கச்சேரியில் யாராவது நடுவில் தட்டினால் மேடையில் இருப்பவர்கள் சந்தோஷப்படவே செய்வார்கள். சந்தேகம் வந்தால் நடத்துநரின் கை இறங்கிவிட்டதா என்று பாருங்கள். ‘மெசையா’வில் வரும் ‘அல்லேலூயா’ பாடல் தொடங்கியதும் சிலர் எழுந்து நிற்பார்கள். பிரிட்டனின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் எழுந்து நின்றதால் வந்த வழக்கம் என்று சொல்வார்கள், அந்தக் காலத்து ஆதாரம் அதற்கு இல்லை. நிற்பதும் உட்கார்ந்திருப்பதும் உங்கள் விருப்பம். நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கத்தில் குழுவினரின் பெயர்ப் பட்டியல் இருக்கும். பல குழுக்கள் வெளியிலிருந்து வந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடும். பக்கத்து நாற்காலியில் சிறு குழந்தை இருந்தால் பித்தளைக்கு எதிரே உட்காராமல் வயலின் பக்கம் இடம் பிடியுங்கள்.

எப்போதோ கற்று இப்போது அலமாரி மேல் தூங்கும் வயலினோ கிளாரினெட்டோ வீட்டில் இருந்தால், கச்சேரி முடிந்ததும் குழுவினர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். பல குழுக்களில் புதியவர்களைச் சேர்ப்பது ஜனவரியில் அடுத்த ஒத்திகைச் சுற்று தொடங்கும்போதுதான். தந்திக்காரர்களுக்குத் தேர்வு வைக்காத குழுக்களும் உண்டு, காற்று வாத்தியக்காரர்களுக்கு இடம் காலியாக வேண்டும். வயலின் வாசிப்பவர் வயோலாவுக்கு மாறச் சம்மதம் என்று சொன்னால் அன்றே உங்கள் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.